ட்ரைக்கோடெர்மா பவுடர்: சின்ன வெங்காயத்துல ரெண்டு பட்டம் (சாகுபடிப் பருவம்) போட்டுப் பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், வெங்காயத்துல அடியழுகல் நோவு வராம தடுக்கறதுக்கு போடற இந்தப் பவுடர் வேலை செய்யுது. ஆனா நான் மொத தடவ வாங்குன பாக்கெட் வேலை செய்யல. ரெண்டுலயும் ஒரே பேருதான், ட்ரைக்கோடெர்மா விரிடி, ரெண்டும் ஒரு கிலோ பாக்கெட், பிரிச்சா ரெண்டுமே லேசா பச்சை கலந்த வெள்ள மாவு. அப்பறம் எப்படி ஒண்ணு வேலை செஞ்சு ஒண்ணு செய்யலன்னு கேப்பீங்க, அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன். போன வருஷம் நான் வாங்கறதுக்கு முன்னாடி தேடிப் பாத்தப்ப "நல்ல ப்ராடக்ட், டெலிவரி லேட்"னு ரெண்டு வரிதான் கெடச்சுது, அத வெச்சுகிட்டு வெங்காயக்காரன் என்னத்த முடிவு பண்றது.

நமக்கு பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் பக்கம். செட்டிகுளம், பாடாலூர், நாட்டார்மங்கலம்னு நம்ம சுத்துவட்டாரமே சின்ன வெங்காயம்தான், வெங்காயம் இல்லாட்டி மக்காச்சோளம், இல்லாட்டி பருத்தி. எனக்கு ஒரு ஏக்கர் சொச்சம், பாதி கரிசல் பாதி செம்மண் கலந்த நிலம், கெணத்துப் பாசனம், ரெண்டு வருஷம் முன்னாடிதான் சொட்டுநீர் போட்டேன்.

இங்க வெங்காயத்துக்கு ரெண்டு எமன். ஒண்ணு திருகல், எங்க ஊர்ல கோழிக்கால் நோய்னு சொல்லுவாங்க, தாளு சுருண்டு முறுக்கிகிட்டு கோழிக்காலு மாதிரி நிக்கும். அதப்பத்தி இங்க பேசல, அதுக்கு இந்தப் பவுடர நம்பி உக்காராதீங்க. இன்னொண்ணு அடியழுகல். இதுதான் நம்ம கதை.

அடியழுகல் வந்த செடிய பாத்திருக்காதவங்களுக்காக சொல்றேன். மொதல்ல தாளு நுனி மஞ்சளாகும், தண்ணி பத்தலையோன்னு நெனச்சு தண்ணி விடுவோம், அங்கதான் மொத தப்பு. ரெண்டு நாள்ல மஞ்சள் கீழ எறங்கும், தாளு படுக்கும். அந்த செடிய புடிச்சு இழுத்தா நல்ல வெங்காயச் செடி மாதிரி மண்ண புடிச்சுகிட்டு தகராறு பண்ணாது, சாம்பல்ல குத்தி வெச்ச ஊதுபத்தி மாதிரி சும்மா கையோட வந்துரும். கவுத்துப் பாத்தா வேரே இருக்காது, இருக்கற ரெண்டு மூணும் பழுப்பா நஞ்சு போயிருக்கும், வேர் மொளைக்கற அந்த தட்டுல வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி பூசணம். கத்தியால நெடுக்க ரெண்டா பொளந்தா அடித்தட்டுலேருந்து பழுப்பு கலர் மேல ஏறியிருக்கறது தெரியும். பொறவு புழுவும் பாக்டீரியாவும் வந்து சேந்துச்சுன்னா அந்த நாத்தம் இருக்கே, காட்டுக்குள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி வரப்புலயே தெரிஞ்சிரும்.

இதுக்கு காரணம் ஃபுசேரியம்னு ஒரு பூஞ்சாணம். மண்ணுல கெடக்கும், வெங்காயம் இல்லாட்டியும் வருஷக்கணக்கா தாக்குப்புடிக்கும், மண்ணு சூடு 28 டிகிரிலேருந்து 32 டிகிரிக்குள்ள இருந்துட்டா அதுக்கு கொண்டாட்டம். நம்ம ஊர்ல அது எந்த மாசம் இல்லாம இருக்கு சொல்லுங்க. வேர்ல எங்கயாச்சும் காயம் பட்டா, புழு கடிச்சா, தண்ணி தேங்கி வேர் மூச்சுமுட்டுனா உள்ள பூந்துரும். இன்னொரு விஷயம், அழுகுன செடி அடியில கடுகு மாதிரி உருண்டை உருண்டையா பழுப்பு மணி ஒட்டியிருந்தா அது ஃபுசேரியம் இல்ல, ஸ்கிளிரோஷியம்னு வேற ஒண்ணு, கடலைலயும் அது வரும், அதனால அந்தக் காட்டுல வெங்காயத்துக்கு அப்பறம் கடலை போட்டீங்கன்னா அதுக்கு விருந்து வெச்ச மாதிரி.

சரி, மொத பாக்கெட் கதைக்கு வரேன். போன வருஷம் வைகாசிப் பட்டம். நட்டு இருபது நாள்ல அங்கங்க மஞ்சளடிக்க ஆரம்பிச்சுது. டவுன்ல ஒரு மருந்துக்கடை, பேரு வேணாம். செடிய ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போய் காட்டுனேன்.

"அண்ணே, வேரழுகுது பாருங்க, இதுக்கு என்ன குடுக்கலாம்?"

அவரு செடிய கையில கூட வாங்கல. "ட்ரைக்கோ ரெண்டு கிலோ கொண்டு போங்க தம்பி, இந்தா காப்பர் ஆக்சிகுளோரைடு ஒரு கிலோ, இது டானிக் ஒரு லிட்டர், மூணையும் ஒரே டிரம்ல கலக்கி வேர்ல ஊத்திருங்க, ஒரு வாரத்துல கப்புன்னு நின்னுரும்."

நானும் பில்லு கூட கேக்காம வாங்கிட்டு வந்து சொன்ன மாதிரியே கலக்கி ஊத்துனேன். இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பா வருது. ட்ரைக்கோடெர்மாவே ஒரு பூஞ்சாணம்ங்க! நல்ல பூஞ்சாணம். அது கெட்ட பூஞ்சாணத்து மேல சுத்திகிட்டு அதயே தின்னு வளரும், வேர சுத்தி எடத்த புடிச்சுகிட்டு கெட்டத உள்ள விடாது. காப்பர் பூஞ்சாணத்த அழிக்கற மருந்து, அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. காவலுக்கு நாய வாங்கிட்டு வந்து அதுக்கே வெஷச்சோறு வெச்ச கதை. ரெண்டையும் ஒரே பையில போட்டு குடுத்தவரு இத்தன வருஷமா கடை வெச்சிருக்காரு.

அது மட்டும் இல்ல. காலி பாக்கெட்ட பொறவு எடுத்துப் பாத்தேன், தயாரிச்ச தேதி பதினோரு மாசம் முன்னாடி. லேபிள்ல எக்ஸ்பயரி ஒரு வருஷம்னு போட்டிருக்கு, அதனால கணக்குப்படி காலாவதி ஆகல. ஆனா டால்க் மாவுல கலந்த ட்ரைக்கோடெர்மாவுக்கு ஆயுசு நாலு மாசம்னுதான் வேளாண் பல்கலைக்கழகத்துல சொல்றாங்க, அதுவும் நெழல்ல குளுமையா வெச்சிருந்தா. இவரு கடையில அது இருந்தது தகர ஷெட்டுக்கு அடியில, யூரியா மூட்டைக்கு மேல, மத்தியானம் வெயிலு நேரா வந்து அடிக்கற எடத்துல. சித்திர வெயில்ல பதினோரு மாச பாக்கெட், உள்ள உசுரு எத்தன இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க. ரெண்டு கிலோ டால்க்க காசு குடுத்து வாங்கி காட்டுல கொட்டியிருக்கேன், அவ்ளோதான்.

அந்த பட்டத்துல முக்கால்வாசி போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், கரிசல் பக்கம் தாழ்வா இருக்கற எடத்துல வட்ட வட்டமா சொட்டையாச்சு, மேட்டுப்பக்கம் ஓரளவு தப்பிச்சுது. ஆனா பட்டறையில, அதான் அறுத்த வெங்காயத்த சேமிச்சு வெக்கற எடத்துல, போட்ட காயி ரெண்டு மாசத்துல கீழ தண்ணி விட ஆரம்பிச்சிருச்சு. காட்டுல பாதி நோவோட வந்த காயி பட்டறைக்குள்ள போய் மீதி அழுகும், பக்கத்து காயையும் சேத்து கெடுக்கும், இது எங்கப்பா காலத்துலேருந்து தெரிஞ்ச விஷயம்தான்.

ரெண்டாவது பட்டம் ஐப்பசி. இந்த தடவ சொந்தக்கார பையன் ஒருத்தன் கோயம்புத்தூர் போனான், வேளாண் பல்கலைக்கழகத்துல பயிர் நோயியல் துறையிலயே இது விப்பாங்க, அங்கேருந்து அஞ்சு கிலோ வாங்கிட்டு வரச் சொன்னேன். தயாரிச்சு ஒரு மாசம் கூட ஆகல. கடைக்காரர்கிட்ட குடுத்தத விட வெலையும் கம்மிதான். வீட்டுக்கு வந்ததும் சாமி ரூம்ல மூலையில வெச்சேன், அதுதான் எங்க வீட்லயே குளுகுளுன்னு இருக்கற எடம், ரெண்டாம் நாள் காலையில எங்கம்மா பாக்கெட்ட பிரிச்சு "என்னடா கோலமாவு பச்சையா இருக்கு"ன்னு கேக்கறாங்க. நல்லவேளை வாசல்ல போடறதுக்குள்ள பாத்தேன்.

இந்த தடவ போடறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணேன், எல்லாரும் பண்ணலாம். ரெண்டு கண்ணாடி டம்ளர வெந்நில கழுவி, ஆறுன சோறு ரெண்டு ரெண்டு கரண்டி போட்டு, ஒண்ணுல மட்டும் பவுடர ஒரு சிட்டிகை தூவி, ரெண்டையும் துணியால கட்டி நெழல்ல வெச்சேன். நாலாவது நாள் பவுடர் போட்ட டம்ளர்ல மொதல்ல வெள்ளையா படந்து அதுக்கு மேல பாசி மாதிரி பச்சை புடிச்சிருச்சு, சோறே தெரியல. பவுடர் போடாத டம்ளர்ல சோறு புளிச்சு கெடந்துச்சே தவிர அந்தப் பச்சை இல்ல. இப்படி சும்மா ஒண்ணு வெச்சாத்தான் கணக்கு தெரியும், ஏன்னா காத்துல இருக்கற வேற பச்சைப் பூசணமும் சோத்துல வரும். பழைய கடை பாக்கெட்ல ஒட்டிகிட்டு இருந்தத சொரண்டி மூணாவதா ஒரு டம்ளர்லயும் போட்டேன், அது ஊசிப்போய் நாறுச்சே ஒழிய பச்சை ஒண்ணும் வரல. இது ஒண்ணும் லேப் டெஸ்ட் இல்ல, ஆனா செத்த பாக்கெட்டா உசுரோட இருக்கற பாக்கெட்டான்னு ஒரு அளவுக்கு தெரிஞ்சிரும். சோத்த கோழிக்கு போட்றாதீங்க, குழி தோண்டி மூடிருங்க.

போட்ட முறை இதுதான். தொழுவுரம் நல்லா மக்குனது, புடிச்சா கதகதப்பு இருக்கக் கூடாது, அது ஒரு அம்பது கிலோ, கூட வேப்பம்புண்ணாக்கு, அதுல பவுடர் ஒரு கிலோ கலந்து லேசா தண்ணி தெளிச்சு வேப்பமரத்தடியில குமிச்சு ஈரச்சாக்கு போட்டு மூடிட்டேன். மூணு நாளைக்கு ஒரு தடவ கெளறி விட்டேன். பத்து நாள் கழிச்சு தொறந்தா எருவுக்குள்ள வெள்ளையா நூலு நூலா ஓடியிருந்துச்சு, வாசம் மழ பேஞ்ச மண்ணு மாதிரி. அத கடைசி உழவுல எறச்சு பார் புடிச்சோம், பார்னா செடி நடறதுக்கு நீளமா அணைச்சு விடற மண்மேடு. ஹெக்டேருக்கு ரெண்டரை கிலோன்னு பல்கலைக்கழக கணக்கு, ஏக்கருக்கு ஒரு கிலோ வருது. வெறும் பவுடர மண்ணுல தூவாதீங்க, தூவி வெயில் பட்டா அதுக்கு திங்க ஒண்ணும் இல்லாம செத்துப் போகும். எருவு அதுக்கு சோறு.

அடுத்தது விதை வெங்காயம். கிலோவுக்கு 4 கிராம். வடிச்ச கஞ்சிய ஆற வெச்சு அதுல பவுடர கரைச்சு வெங்காயத்து மேல தெளிச்சு கையால பெரட்டி நெழல்ல அரை மணி நேரம் ஒலத்தி அன்னைக்கே நட்டாச்சு. கஞ்சி இல்லாம போட்டா வெங்காயத் தோலு மேல மாவு நிக்காது, கூடையோட அடியிலதான் நிக்கும். ஏக்கருக்கு ஐந்நூறு கிலோ காயி புடிச்சுது, ரெண்டு கிலோ பவுடர் இதுக்கே போச்சு. நடவுக்கு வந்த அக்காங்க "என்ன தம்பி வெங்காயத்துக்கு விபூதி பூசி விட்ருக்க"ன்னு நாள் பூரா ஓட்டுனாங்க.

இன்னொரு காரியமும் பண்ணேன், அத சொல்லலன்னா இந்த ரிவ்யூ பொய்யாயிரும். விதைக்காய தரையில கொட்டி ஒண்ணு ஒண்ணா அடியில பெருவெரல வெச்சு அமுக்கிப் பாத்து, மெத்துன்னு இருந்தது, அடித்தட்டு கறுத்தது, எல்லாத்தையும் கழிச்சேன். நானும் அம்மாவும் ரெண்டு நாள் உக்காந்தோம், முப்பது கிலோவுக்கு மேல கழிஞ்சுது. நோவு பாதி விதைக்காயிலயேதான் வருது, அத அப்படியே நட்டுட்டு எந்தப் பவுடர போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அப்பறம் அந்த தாழ்வான கரிசல் பக்கம் வடிகால் வெட்டி விட்டேன், ஐப்பசி மழை அடிச்சா தண்ணி நிக்கக்கூடாதுன்னு.

அதனால பவுடருக்கு எவ்ளோ பங்குன்னு தெரிஞ்சுக்கணும்ல, பத்து பாருக்கு மட்டும் பவுடர் போடாம விட்டேன். விதைக்காய் அதே கழிச்ச காயி, தண்ணி அதே தண்ணி. நாப்பதாம் நாள் போய் ரெண்டு பக்கமும் பத்து பத்து பார்ல அடியழுகி வந்த செடிய புடுங்கி எண்ணுனேன். போட்ட பக்கம் முப்பத்தேழு. போடாத பக்கம் எண்பத்தி நாலு. என் காட்டுக் கணக்குதான் இது, ஒங்க காட்டுல வேற மாதிரி வரலாம். ஆனா போன பட்டத்துல ஒரே பார்ல இருபது முப்பது புடுங்குனவன் நான், போடாத பக்கமே இவ்ளோ கொறஞ்சதுக்கு காரணம் காயி கழிச்சதும் வடிகாலும்தான். பவுடர் அதுக்கு மேல இன்னும் பாதிய கொறச்சிருக்கு. என்னைக் கேட்டா ஏக்கருக்கு ஆன பவுடர் செலவு ரெண்டு ஆள் கூலி கூட வராது, போடறது லாபம்தான்.

இப்ப கொறையெல்லாம் சொல்லிடறேன்.

சொட்டுநீர்ல விடறவங்களுக்கு இது தலைவலி. முப்பதாம் நாள் இன்னொரு கிலோவ வெஞ்சூரில (சொட்டுநீர்க் குழாய்க்குள்ள உரம் மருந்த உறிஞ்சி கலக்கற கருவி) விட்டேன், டால்க் தண்ணில கரையற பொருளே இல்ல, அடியில தங்கிரும், ஃபில்டர் அடைச்சு நாலு லைன்ல சொட்டே வரல. எல்லாத்தையும் கழட்டி கழுவ ஒரு நாள் வேலை. ரெண்டாவது தடவ ராத்திரியே தண்ணில ஊற வெச்சு கலக்கி, தெளிய விட்டு, பழைய வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டி மேல் தண்ணிய மட்டும் விட்டேன், அப்ப பரவால்ல. லிக்விடாவும் இப்ப வருது, சொட்டுநீர்க்காரங்க அத வாங்கறது நல்லதுன்னு நெனக்கறேன், நான் இன்னும் போட்டுப் பாக்கல.

அடுத்தது, நோவு வந்த செடிய இது காப்பாத்தாது. காப்பாத்தும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க. வேர் போன செடி போனதுதான். வர்றதுக்கு முன்னாடி போடணும், அதனாலதான் நட்டு இருபது நாள் கழிச்சு ஓடிப்போய் வாங்குன எனக்கு அது நல்ல பாக்கெட்டா இருந்திருந்தாலும் பெருசா ஒதவியிருக்காது. ரொம்ப வேகமா பரவுனா அந்த எடத்துல மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு ரெண்டரை கிராம் கலந்து வேர்ல ஊத்தறாங்க, பல்கலைக்கழகமும் சொல்றதுதான், ஆனா அத ஊத்துன எடத்துல ட்ரைக்கோடெர்மாவ மறந்துருங்க, குறைஞ்சது ரெண்டு வாரம் இடைவெளி விட்டு மறுபடி எருவுல வளத்துத்தான் போடணும்.

பட்டறைக்குள்ள வர்ற கரும்பூசணத்துக்கும் இது வேலை செய்யாது. காயி மேல கரி அப்புன மாதிரி கறுப்பா தூள் வருமே, அது. அதுக்கு அறுவடைக்கு பத்து பன்னெண்டு நாள் முன்னாடி தண்ணிய நிறுத்தி, புடுங்குன காய நெழல்ல நல்லா ஒலத்தி, கழுத்துல ஒரு இஞ்ச் விட்டு தாளு அறுத்து, காயம் படாம பட்டறை போடணும். 

லேபிள் விஷயம் ஒண்ணு. ஒரு கிராம்ல எத்தன உசுரு இருக்குன்னு சிஎஃப்யூன்னு ஒரு கணக்கு போட்டிருக்கும், ஒரு கிராமுக்கு கொறைஞ்சது இருபது லட்சம் இருக்கணும்னு சட்டம். லேபிள்ல 2க்கு பக்கத்துல 10, அதுக்கு மேல பொடிசா 6ன்னு இருந்தா அதுதான் இந்த இருபது லட்சம். அதுவே இல்லாத பாக்கெட், பதிவு எண் இல்லாத பாக்கெட், தேதிய தேய்ச்சு வெச்ச பாக்கெட் எதையும் தொடாதீங்க. சிலதுல விரிடின்னு இல்லாம ஆஸ்பெரெல்லம்னு போட்டிருக்கும், அதப் பாத்து பயப்பட வேணாம், அதுவும் ட்ரைக்கோடெர்மாதான்.

கொடைக்கானல் மேல மலைப்பூண்டு போடற ஃப்ரெண்டு ஒருத்தரு பூண்டுக்கும் போடலாமான்னு கேட்டாரு. போடலாம், பூண்டுலயும் இதே ஃபுசேரியம் அடியழுகல் உண்டு, பல்ல பிரிச்சு நடறதுக்கு முன்னாடி இதே மாதிரி கஞ்சில பெரட்டலாம். பல்லு பிரிக்கறப்ப அடித்தட்டுல காயம் படாம பிரிக்கறது பவுடர விட முக்கியம். குளிர் தேசத்துல பூண்டுக்கு வெள்ளை அழுகல்னு ஒண்ணு வருது, கசகசா மாதிரி கறுப்பு மணிய மண்ணுல விட்டுட்டு போகும், அது இருபது வருஷம் வரைக்கும் கெடக்குமாம், அதோட பாத்தா நம்ம ஃபுசேரியம் எவ்வளவோ தேவல.

மார்க் போடணும்னா பவுடருக்கு அஞ்சுக்கு நாலு, சொட்டுநீர்ல அடைக்கறதுக்கு ஒண்ணு கொறச்சிருக்கேன். நான் மொத வாங்குன கடைக்கு ஒண்ணு, அதுவும் அவரு தண்ணி பாட்டில் குடுத்ததுக்கு.

ஐப்பசி வெங்காயம் பட்டறையில இருக்கு, நேத்து சாயங்காலம் கீழ கைய விட்டு தொழாவிப் பாத்தேன், மூணு மாசம் ஆச்சு, கை ஈரமாகல. இந்த வைகாசிக்கு அஞ்சு கிலோ சொல்லி வெச்சிருக்கேன், இந்த தடவ காடு முச்சூடும் போடப்போறேன், சும்மா விடற பாரு கெடையாது. பையன் சித்திரை கடைசிலதான் கொண்டாருவான், அதுக்கு முன்னாடி கொண்டாந்தா எங்கம்மா கண்ணுல படாம வெக்கறதுக்கு வேற எடம் பாக்கணும்.